தொணதொணப்பு

மார்ச் 3

இல்லை, ஆர்வம் இல்லாமல் இல்லை. ஆர்வமாக எழுத வரவில்லை, அவ்வளவுதான். இரண்டும் ஒன்றா?

விளம்பரத்தை மறுபடி படித்தேன். காது கேளாதவர்களுக்காகப் படங்களின் கீழே எழுத்து போடும் நிறுவனம். வசனம் மட்டுமல்ல, ஓசைகளையும் எழுத வேண்டும் — கதவு சாத்தப்படுகிறது, தூரத்தில் நாய். விண்ணப்பத்தோடு ஒரு கடிதம்: 'இந்த வேலை உங்களுக்கு ஏன் வேண்டும்? உற்சாகமாக எழுதுங்கள்.'

உற்சாகமாக. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளில் பிழை பார்க்கிறவள் நான். குமட்டல், தலைசுற்றல், அரிதாக மயக்கம். என் உரைநடை அங்கே வளர்ந்தது. அந்த வேலையும் இந்த மாதத்தோடு முடிகிறது.

மார்ச் 4

மூன்று வரி எழுதினேன். அடித்தாயிற்று.

மார்ச் 6

அண்ணன் கட்டில், சோபா விற்கிறவன். வழி கேட்டுக் கடைக்குள் வந்தவரிடம் மெத்தை விற்றவன். நான் அடித்துப்போட்ட வரிகளைப் பார்த்துவிட்டு, "இது என்ன, இரங்கல் செய்தியா? தள்ளு" என்று உட்கார்ந்தான். ஒரே மூச்சில் ஒரு பக்கம். 'தங்கள் நிறுவனத்தின் பெயரைக் கேட்டாலே எனக்குப் புல்லரிக்கிறது.'

வெளியே போகிற எந்தக் கடிதமும் எங்கள் சாப்பாட்டு மேசையில் வாசிக்கப்பட்டாக வேண்டும். அப்பா ஒருமுறை கையெழுத்தே இல்லாமல் ஒரு புகாரை அனுப்பியதிலிருந்து வந்த சட்டம். அவர்தான் வாசிப்பார், செய்தி வாசிக்கிற குரலில். 'புல்லரிக்கிறது' வந்ததும் அவராலேயே தாங்க முடியவில்லை.

"டேய், வேலை குடுக்க மாட்டாங்கடா. களிம்புதான் குடுப்பாங்க."

"சிரிங்க, சிரிங்க. கிடைச்ச பிறகு தெரியும்."

எல்லாரும் சிரித்தோம். அம்மாவும் சிரித்தாள். ஒரு மூச்சு தாமதமாக.

அந்தத் தாமதம் எனக்கு மட்டும்தான் தெரிகிறதா? இல்லை. அப்பா அம்மாவோடு பேச வேண்டுமென்றால் எதிரே போய் நிற்கிறார். அண்ணன் மேசையைத் தட்டிவிட்டுப் பேசுகிறான். எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சலவைக் கடை கவுன்டரில் வேலை பார்க்கும் அம்மா, வருகிறவர்களிடம் சீட்டை நீட்டி, "பேரை நீங்களே எழுதிடுங்க, என் கையெழுத்து கோழிக் கிறுக்கல்" என்கிறாள். அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

மார்ச் 8

டிவியில் பழைய படம். வழக்கம்போல அம்மாவின் இடப்பக்கம் உட்கார்ந்து, காதோரம் — வெளியே மழை. யாரோ மாடி ஏறுறாங்க. உள்ளே குழந்தை அழுது. கல்லூரி நாளிலிருந்து இப்படித்தான். அவள் கேட்டதில்லை. ஏன் என்று நானும் சொன்னதில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் புகார் மட்டும் சொல்வாள்: "இவ தொணதொணப்புல ஒரு படம் நிம்மதியா பார்க்க முடியாது."

இன்று கடிதத்தை நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். முழங்கையால் ஓர் இடி.

"என்னடி, வாய்ல பூட்டா?"

இந்த வேலை ஏன் வேண்டும்? இதற்காகத்தான். எழுத உட்கார்ந்தால் பக்கம் போதாது. ஆனால் அவளே யாரிடமும் சொல்லாததை நான் எப்படி — வேலைக்காக அம்மாவின் காதை விற்றதாகாதா? அதுவும் மேசையில், அப்பாவின் குரலில்.

மார்ச் 9

அண்ணன் கடிதத்தையே அனுப்பிவிடலாம். பன்னிரண்டாம் தேதி கடைசி.

மார்ச் 10

மேசையில் கிடந்த அந்தத் தாளை அம்மா எடுத்துப் படித்தாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, முழுவதும். புல்லரிப்பு வந்த இடத்தில் சிரித்தாள். அன்று மேசையில் விட்டுப்போன சிரிப்பு.

பிறகு தாளைத் திருப்பிப் பார்த்தாள், பின்னால் ஏதாவது இருக்கிறதா என்று.

"நான் எங்கடி இதுல?"

"நீ எதுக்கும்மா?"

"எத்தனை வருஷமா என் காதுல ஓதிட்டிருக்க. அதை விட்டுட்டு, இவன் சோபா விக்கிற மாதிரி எழுதினதைப் போய் வெச்சிருக்க."



"உனக்குப் பரவாயில்லையாம்மா?"

என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எழுது. ஆனா அப்பா வாசிக்க வேணாம். நானே வாசிக்கிறேன்."

அறைக்குள் வந்து அழுதேன். ச்சே, இப்ப எதுக்கு அழறேன்? எழுத வேண்டியதுதானே.

மார்ச் 11

எழுதினேன். 'உற்சாகம்' என்ற சொல் எங்கும் இல்லை.

அம்மா எழுந்து நின்று வாசித்தாள். மிகச் சத்தமாக — தன் குரலின் அளவு அவளுக்குத் தெரிவதில்லை. 'என் அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது' என்ற வரியில் அவள் தயங்கவில்லை. அண்ணன்தான் தட்டைப் பார்த்துக்கொண்டான். ஒரே ஒரு திருத்தம் சொன்னாள்: "இடது காது நல்லாக் கேக்கும்னு போட்டிருக்க. அதுவும் சுமார்தான். மாத்து."

முடிந்ததும் அப்பா எழுந்து, அவள் எதிரே போய் நின்றார்.

"இனிமே நீயே வாசி. நான் வாசிச்சா நல்லால்ல."

மார்ச் 24

கிடைத்துவிட்டது! அண்ணன், "எல்லாம் நான் முதல்ல எழுதினதோட ராசி" என்கிறான். சொல்லிக்கொள்ளட்டும்.

ஏப்ரல் 5

முதல் வேலை. ஒரு பெண், ரயில் நிலையம். போகிற ரயிலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். 'பெருமூச்சு விடுகிறாள்' என்று எழுதியிருந்தேன். சரியா என்று தெரியவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அம்மா பார்த்திருக்க வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்குத்தானே காது கேக்காது. என்னைக் கேக்காம வேற யாரைக் கேப்ப?"

போட்டுக் காட்டினேன்.

"பெருமூச்சு தோள்லயே தெரியுதே, அது எதுக்கு? சரி, பின்னாடி என்ன கேக்குது?"

"இன்னொரு ரயில் வருதும்மா."

"அதைப் போடுடி! அது எனக்கு எப்படித் தெரியும்?"

பெருமூச்சை எடுத்தேன். ரயிலைப் போட்டேன். அடுத்த காட்சியை ஓடவிட்டேன்.