மச்சாளிடம் மிஞ்சியிருந்த கொரியச் சொல்

மச்சாள், நேற்று இக்காஸ்டில் எங்கள் வீட்டில் என் மகள் கொரியத் தொடர் ஒன்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒருவன் "ஹெல்கி" என்றான். சமையலறையில் நின்ற நான் அடுப்பை அணைத்தேன்.

நான்கு வயதில் கொரியாவிலிருந்து டென்மார்க்குக்குத் தத்துப்பிள்ளையாக வந்தீர்கள். பிறந்த மொழியில் உங்களிடம் மிஞ்சியது அந்த ஒரு சொல்தான். அது உங்களைப் பெற்றவளின் பெயர் என்று நம்பினீர்கள். என் அண்ணாவைக் கட்டி, எங்கள் வீட்டுத் தமிழையும் பழகி, உங்களுக்கு மகள் பிறந்ததும் அவளுக்கு அந்தச் சொல்லையே பெயராக வைத்தீர்கள். "அம்மாவின்ர எண்டு குடுக்க என்னட்டை வேறை ஒண்டுமில்லை" என்றீர்கள்.

பிறகு அந்தத் தாயைத் தேடி சியோலுக்குப் போனோம். அண்ணாவுக்கு லீவு கிடைக்கவில்லை. துணைக்கு நான் வந்தேன். உங்களைத் தத்துக் கொடுத்த அலுவலகத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளப் பெண், என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டாள். சொன்னீர்கள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது ஆளின் பெயரில்லை, ஹெலிகொப்டர் என்றாள். ஆங்கிலச் சொல்லின் முன்பகுதியை வைத்துக்கொண்டு, சீனத்திலிருந்து வந்த, இயந்திரம் என்று பொருள்படும் "கி"யைப் பின்னால் ஒட்டிக்கொண்டார்களாம். வகுப்பெடுப்பதைப் போல விளக்கிவிட்டு, வேறு ஏதும் ஞாபகம் உண்டா என்று கேட்டாள். இல்லை என்றீர்கள்.

உங்களைத் தனியாகக் கண்டெடுத்தது ஒரு சந்தையில் என்று அங்கிருந்த கோப்பில் இருந்தது. அன்று வெளியே வந்து படியில் இருந்தீர்கள். பிறகு, "அங்கை பார், ஹெல்கி எண்டு அம்மா காட்டியிருப்பா, மச்சாள். நான் மேலை பாக்கேக்கை விட்டிட்டுப் போயிருப்பா" என்றீர்கள். மகளுக்கு இதைச் சொல்லக்கூடாது என்று சத்தியமும் வாங்கினீர்கள்.

ஒடென்சே ஆஸ்பத்திரியில், கடைசி நாள், தமிழ் உங்களை விட்டுப் போயிருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு டேனிஷில், "ஹெல்கியைப் பார்க்கமாட்டேன், பார்க்கமாட்டேன்" என்று குழந்தைபோலச் சொன்னீர்கள். மகள் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மெல்ல விட்டுவிட்டு எழுந்து வெளியே போனாள். அவள் திரும்பி வருமுன் நீங்கள் இல்லை.

அடக்கம் முடிந்து வரும்போது, காரில், சத்தியத்தை மீறி அவளிடம் எல்லாம் சொன்னேன். நீங்கள் பார்க்க மறுத்தது அவளையல்ல, அந்த ஹெலிகொப்டரை என்று தெரிந்தால் ஆறுவாள் என்று நினைத்தேன். எங்களுக்கு எப்போதும் டேனிஷில் பதில் சொல்பவள், அன்று தமிழில் கேட்டாள்:

"அங்கை போட்டு வந்த பிறகு, அம்மா என்னைக் கூப்பிடேக்கையெல்லாம் அதுதானே ஞாபகம் வந்திருக்கும், மாமி?"

இல்லை என்றேன். ஆனால் மச்சாள், சியோலுக்குப் பிறகு, அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுமுன் நீங்கள் ஒரு கணம் நின்றதை ஒவ்வொரு முறையும் நான் கண்டேன். அவளும் கண்டிருக்கிறாள்.