பட்டினி என்று எழுத மாட்டேன்

நவம்பர் 14, வெள்ளி.

கோபம் இன்னும் அடங்கவில்லை. பொதுக் கொள்கை முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பிக்க நான் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு, அண்ணன் சென்னையிலிருந்து போன் செய்தான்.

"இன்னா இது, ரிப்போர்ட் மாதிரி கீது? மீன்காரன் பொண்ணு, பட்டினி கெடந்தேன்னு எழுது. படிக்கிறவன் அழணும், அப்பதான் சீட்டு."

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். வலை பிரித்துக்கொண்டிருந்த நைனாவுக்குக் கேட்டுவிட்டது.

"நாம எப்படா பட்டினி கெடந்தோம்? இவளை நர்ஸுக்குப் படிக்க வெச்சது யாரு?"



நான் எழுதியிருந்தது வனஜாவைப் பற்றி. பசியாவரம் தீவில் இரவில் வலி கண்டு, படகு கிடைக்காமல், விடிந்தபின் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தவள். அவள் பிழைத்தாள், குழந்தை பிழைக்கவில்லை. இத்தனை வருட நர்ஸ் வேலையில் பிரசவம் பார்க்கத் தெரிந்துகொண்டேன். தீவின் படகுத்துறையில் அவசரப் படகு ஒன்று நிற்க வேண்டும் என்று யார் முடிவெடுப்பது, அது தெரியவில்லை. முடிவெடுக்கும் இடத்தில் போய் உட்காரத்தான் படிக்க இடம் கேட்கிறேன்.

"முப்பத்தஞ்சு வயசுல உனக்கு இது தேவையா?" என்றான் அண்ணன்.

"தேவைதான்" என்று வைத்துவிட்டேன்.

ஒரு வார்த்தையும் மாற்றாமல் சற்று முன் அனுப்பியாயிற்று. இடம் கிடைக்காவிட்டால் அடுத்த வருடமும் வனஜாவைத்தான் எழுதுவேன்.