தவளைக்கு வாசித்த மல்லாரி

சிவமயம்

உறையூர், திருச்சிராப்பள்ளி.
14-5-1961

அன்புள்ள நசுருதீனுக்கு,

நல்லுசாமி எழுதுகிறேன். நலமா என்று கேட்கும் மனநிலையில் இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். பம்பாயில் உட்கார்ந்து பொம்மைப் படம் வரைகிறவனுக்கு என்ன கேடு வந்துவிடும்? வந்ததெல்லாம் எனக்குத்தான்.

உன் படம் வெள்ளிக்கிழமை மலையடி டாக்கீஸுக்கு வந்து சேர்ந்தது. பெரிய படத்துக்கு முன்னால் பத்து நிமிஷம் ஓடும், கலர், பேச்சே கிடையாது, ஆரம்பம் முதல் கடைசி வரை என் நாகஸ்வரம்தான் என்று நீ எழுதியிருந்தாய். அதை நம்பி, தவில்காரர் காத்தமுத்து, பவுனம்மாள், அவள் தங்கை வீட்டார் என்று ஆறு பேர் சேர் டிக்கெட் எடுத்துப் போய் உட்கார்ந்தோம். திரையில் என் பெயர் வந்தபோது பவுனம்மாள் என் கையைக் கிள்ளினாள். என் சந்தோஷம் அந்த ஒரு கிள்ளோடு முடிந்தது.

வறண்ட குளம், நாக்குத் தொங்கும் தவளைகள், அதற்கு நான் வாசித்த ஆலாபனை. அதுவரை ஜனங்கள் சும்மா இருந்தார்கள். பெஞ்சு டிக்கெட்டில் ஒருவன் மட்டும், "எப்பங்க பேசுவாங்க?" என்று கேட்டான். அப்புறம் மல்லாரி ஆரம்பித்தது.

மல்லாரி என்பது சுவாமி பல்லக்கில் கோயிலை விட்டுப் புறப்படும்போது வாசிப்பது. கல்யாணத்துக்குக்கூட வாசிக்க மாட்டோம். அது காதில் விழுந்தால் இந்த ஊர்க்காரன் சாப்பிடுகிற கையோடு எழுந்து நிற்பான். டாக்கீஸிலும் அதுதான் நடந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் முதலில் எழுந்து கைகூப்பியது. அதைப் பார்த்து அடுத்த வரிசை. பிறகு பாதிக் கொட்டகை. பின்னாலிருந்து, "உக்காருங்க, மறைக்குது!" என்று சத்தம். "சாமி புறப்பாடுங்க, உக்காரச் சொல்றீங்களே, நீங்கள்லாம் மனுசங்களா?" என்று முன்னாலிருந்து பதில். கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள் நசுரு, நான் பொய் சொல்லவில்லை. திரையில் பல்லக்கு மெல்லத் திரும்பியது. உள்ளே யார்? மாலை போட்டுக்கொண்டு, தொப்பையைத் தள்ளிக்கொண்டு, ஒரு தவளை!

தரை டிக்கெட்டுக்காரர்கள் சிரித்த சிரிப்பில் கூரைத் தகரம் அதிர்ந்தது. நின்றுகொண்டிருந்தவர்கள் கூப்பிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தார்கள். யாரோ சோடா பாட்டிலைத் திரைமேல் எறிந்தான். விளக்கைப் போட்டுவிட்டார்கள். நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.

இன்று காலை கோயில் கமிட்டி என்னைக் கூப்பிட்டு அனுப்பியது. "சாமிக்கு வாசிக்கிற வாயால தவளைக்கு வாசிச்சீங்களா?" என்று தலைவர் கேட்டார். ஆனித் திருவிழாக் கொடியேற்றத்துக்குள் தகுந்த விளக்கம் கொடுக்காவிட்டால், என் தகப்பனார் காலத்திலிருந்து வரும், சந்நிதியில் வாசிக்கிற முறை வேறு ஆளுக்குப் போய்விடுமாம். தவளை வரும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வாசித்திருப்பேனா? என்னை இப்படித் தெருவில் நிறுத்த உனக்கு எப்படி மனம் வந்தது?

ஆத்திரத்துடன்,
நல்லுசாமி


786

பம்பாய்.
20-5-1961

அன்புள்ள நல்லுசாமிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் கிழிக்காமல் வைத்திருந்தேன். அதுவே பெரிய பொறுமை.

தவளை வரும் என்று நான் சொல்லவில்லையா? நீ பம்பாய்க்கு வந்து வாசிப்பதற்கு முன்பே பன்னிரண்டு படம் வரைந்து ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினேன். நீ போட்ட கார்டு என் மேஜையில் இருக்கிறது. "தவளைக்குத் தொப்பை போதாது, எங்கள் கமிட்டித் தலைவர் அளவுக்காவது வை" என்று எழுதியது யார்? அதைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜை மராட்டிக்காரன் எழுந்து வந்து என்னவென்று கேட்டான். தொப்பையையும் பெரிதாக்கினேன்.

இன்னொன்று. நான் உன்னிடம் கேட்டது ஏதாவது குதித்தோடுகிற உருப்படி. நீதான் ரிக்கார்டிங் அறையில் எல்லார் முன்னிலையிலும், "பல்லக்குன்னு வந்துட்டா மல்லாரிதாண்டா. வேற எதுவும் என் சீவாளியில வராது" என்றாய். காத்தமுத்து அண்ணன்கூட, "கோயில்ல ஏதாச்சும் சொல்லப்போறாங்க" என்றார். "எவன் சொல்லுவான்?" என்று நீதான் அவர் வாயை அடைத்தாய்.

தவளையைப் பல்லக்கில் வைத்தது நானா? உன் மாமன் ஊர் வையம்பட்டியில், மழை இல்லாத அந்த வருஷம், வாழைமட்டையில் பல்லக்குக் கட்டித் தவளைக்குக் கல்யாணம் செய்தார்களே, மறந்துவிட்டதா? ஊரே பின்னால் நடந்தது. உன் மாமன் தவில் அடித்தார். பெண்கள் அழுதுகொண்டே குலவை போட்டார்கள். எனக்குப் பன்னிரண்டு வயது. அன்றைக்குப் பார்த்ததைத்தான் மூன்று வருஷம் உட்கார்ந்து ஏழாயிரம் படமாக வரைந்திருக்கிறேன். அதில் கேலி எங்கே இருக்கிறது?

பம்பாயில் முதல் காட்சிக்குப் பெரிய மனிதர்கள் வந்தார்கள். விரல் நுனியால் கைதட்டினார்கள். ஒருவர் என்னிடம், இது பாம்பாட்டி ஊதுவதா என்று கேட்டார். அந்தப் பத்து நிமிஷமும் எனக்கு உடம்பு எரிந்தது. உன் வாசிப்புக்கு எழுந்து நின்ற ஒரே ஊர் நம் ஊர், அதை நீ எனக்குப் புகாராக எழுதுகிறாய்! எத்தனை பேர் நின்றார்கள்? சிரித்தவர்கள் கடைசியில் மழை பெய்தபோதும் சிரித்தார்களா? குழந்தைகள் என்ன செய்தார்கள்? இதையெல்லாம் எழுத மாட்டாயா?

கமிட்டியிடம் போய் உண்மையைச் சொல். வையம்பட்டியைச் சொல். மழைக்காகச் செய்தது என்று சொன்னால் புரியாத மனிதர்களா அவர்கள்?

பவுனம்மாளுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. உனக்கு இந்த வாரம் கிடையாது.

நசுருதீன்


சிவமயம்

உறையூர்.
2-6-1961

அன்புள்ள நசுருதீனுக்கு,

உன் கடிதம் கிடைத்த மறுநாள் நான் மட்டும் போய்ப் படத்தை மறுபடி பார்த்தேன். தெரிந்தவர்கள் கண்ணில் படாமலிருக்கத் தரை டிக்கெட்டில் உட்கார்ந்தேன். நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

இப்போது வாசலில் போலீஸ்காரர் நிற்கிறார். மல்லாரி வரும் என்று ஊருக்கே தெரிந்துவிட்டதால், எழுந்து நிற்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படியும் நாலைந்து பேர் எழுந்துவிட்டார்கள். தவளையைக் கண்டதும் சிரிப்பு. குழந்தைகள் பல்லக்குத் தூக்கிகளைப் பார்த்துக் கத்துகின்றன. கடைசியில் குளத்தில் முதல் துளி விழுந்தபோது கொட்டகை அடங்கிவிட்டது. என் பக்கத்தில் மணப்பாறைப் பக்கத்து விவசாயி ஒருவர், தோளில் கம்பளி, எழுந்து நின்று கைகூப்பினார். அப்போது மல்லாரி முடிந்து வெறும் மழைச் சத்தம்தான். "எங்க ஊர்ல இது ரெண்டு வருசமா பெய்யலைங்க" என்றார் என்னிடம். வாசித்தது நான்தான் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை.

நீ வரைந்தது நன்றாக இருக்கிறது நசுரு. என் வாசிப்பும் நன்றாக இருக்கிறது. அதனால்தான் எனக்கு இத்தனை எரிச்சல்.

இனி எழுதப்போவதைப் படித்துவிட்டு நீ கத்துவாய். கத்து. கமிட்டியில் நான் ஏற்கனவே வாய்மொழியாகச் சொல்லிவிட்டேன். சுவாமி ஊர்வலப் படம் என்று சொல்லி என்னை வாசிக்க வைத்தார்கள், தவளை விஷயம் எனக்குத் தெரியாது என்று. அன்றைக்கு ஆறு பேர் சுற்றி நின்றுகொண்டு கேட்டார்கள். வேறென்ன சொல்வது? வையம்பட்டியைச் சொன்னால், "அப்ப தெரிஞ்சேதான் வாசிச்சியா?" என்பார்கள். தொப்பை விவகாரம் வெளியே வந்தால் என் கதை அவ்வளவுதான்.

வெறும் வாய்ப்பேச்சு போதாது, படம் எடுத்தவரிடமிருந்து எழுத்து வேண்டும் என்கிறார்கள். நீ ஒரு பக்கம் எழுதிக் கொடு. உன்னை இங்கே யார் என்ன செய்துவிட முடியும்? நீ பம்பாயில் இருக்கிறாய். எனக்கு அந்தச் சந்நிதியை விட்டால் வேறு வாசல் இல்லை. கொடியேற்றம் 16-ஆம் தேதி.

உன்னையே நம்பியிருக்கும்,
நல்லுசாமி


786

பம்பாய்.
8-6-1961

நல்லுசாமிக்கு,

நீ கமிட்டியில் என்ன சொன்னாய் என்று உன் கடிதம் வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும். தங்கச்சி ஜீனத் எழுதியிருந்தாள். "என்னை வாசிக்க வைத்தார்கள்" என்று எனக்கு நாசூக்காக எழுதுகிறாய். அங்கே நீ சொன்னது, "அந்தச் சாயபு என்னை ஏமாத்திட்டான்" என்பது. கடைவீதி முழுக்க அந்த வார்த்தை சுற்றுகிறது. பெயர்கூட இல்லையா எனக்கு? இருபத்தைந்து வருஷமாக நீ என்னை அப்படி ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. ஆறு பேர் சுற்றி நின்றதும் எங்கிருந்து வந்தது அது?

அம்மா வெற்றிலைக் கடைக்குப் போயிருக்கிறாள். கடைக்காரர், "உங்க மகன் இப்படிப் பண்ணிட்டாரேம்மா, நம்ம நல்லுசாமியே சொல்றாரு" என்றாராம். அம்மா வெற்றிலை வாங்காமல் திரும்பி வந்து ஜீனத்திடம், "நல்லுசாமி சொன்னானா? அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும். நசுரு ஏன் இப்படிப் பண்ணான்?" என்று கேட்டிருக்கிறாள். உன் வார்த்தைக்கு என் வீட்டில் இருக்கும் மதிப்பைப் பார். பெற்ற பிள்ளையைவிட உன்னை நம்புகிறாள். அந்தக் கடிதத்தைப் படித்த இரவு நான் சாப்பிடவில்லை.

"உன்னை யார் என்ன செய்துவிட முடியும்" என்று எழுதியிருக்கிறாய். நான் பம்பாயிலேயே பிறந்தவன் என்று நினைத்துவிட்டாயா? பெருநாளைக்கு நான் எந்தத் தெருவில் இறங்கி நடப்பது?

நீ கேட்டதை இதோடு வைத்திருக்கிறேன். கமிட்டித் தலைவர் பெயருக்கு, என் கையெழுத்துப் போட்டு. நல்லுசாமி அவர்களிடம் சுவாமி ஊர்வலப் படம் என்று பொய் சொல்லி மல்லாரி வாசிக்க வைத்தேன், தவளை பற்றிய விவரத்தை மறைத்தேன், குற்றம் முழுவதும் என்னுடையது என்று. ஒரு வரி பாக்கியில்லை. போதுமா பார்த்துக்கொள்.

நசுருதீன்


சிவமயம்

உறையூர்.
26-6-1961

அன்புள்ள நசுருதீனுக்கு,

திருவிழா முடிந்துவிட்டது, பத்து நாளும் நான்தான் வாசித்தேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

உன் கடிதத்தைத் தலைவர் கையில் கொடுத்தேன். அவர் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். "நீங்களே படிங்க நல்லுசாமி, எல்லாரும் கேக்கட்டும்" என்றார். படித்தேன். "பொய் சொல்லி" என்ற இடத்தில் இருமினேன். தண்ணீர் கொடுத்தார்கள். "நண்பன்னு நம்பி மோசம் போயிட்டாரு, பாவம்" என்று ஒருவர் என் முதுகைத் தடவினார். கடைசி வரி வரை நானே படித்தேன்.

உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் இன்னும் அடங்கவில்லை. ஏன் எழுதிக் கொடுத்தாய்? என்னைத் திட்டி நாலு பக்கம் எழுதிவிட்டு, கூடவே அதையும் வைத்து அனுப்பினால் என்ன அர்த்தம்? நான் ஏதோ பயத்தில் கேட்டேன். நீ முடியாது என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால், எனக்கும் ரோஷம் வந்திருக்கும். கமிட்டியில் எழுந்து, ஆமாம், தெரிந்துதான் வாசித்தேன் என்று உண்மையைச் சொல்லியிருப்பேன். அந்த வழியையும் நீ அடைத்துவிட்டாய். இப்போது மல்லாரி எடுக்கும்போதெல்லாம் வாய் கசக்கிறது.

உன் அம்மாவைப் பார்க்க இரண்டு தரம் போனேன். இரண்டு தரமும் தெரு முனையிலிருந்து திரும்பிவிட்டேன். பெருநாளைக்கு நீ வா. இருவரும் சேர்ந்து போய்ப் பேசிக்கொள்ளலாம். ஊர் இதையெல்லாம் மறந்துவிடும்.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

நல்லுசாமி


786

பம்பாய்.
4-7-1961

நல்லுசாமிக்கு,

உங்கள் கமிட்டி என் கடிதத்துக்குப் பிரதி எடுத்து என் ஆபீசுக்கும் அனுப்பியிருக்கிறது. கடிதம் என் கையெழுத்துதானா என்று மேலதிகாரி கேட்டார். ஆமாம் என்றேன். மல்லாரி வருகிற பகுதியைப் படத்தின் எல்லாப் பிரதிகளிலும் வெட்டச் சொல்லிவிட்டார்கள். வெட்டியாயிற்று. இப்போது குளம் வறண்டிருக்கிறது, அடுத்த நொடி மழை பெய்கிறது. யார் கேட்டு எதற்காகப் பெய்தது என்று பார்க்கிறவனுக்குத் தெரியாது. நீ வாசித்ததும் போயிற்று, நான் வரைந்ததும் போயிற்று. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

பெருநாளைக்கு நான் வரவில்லை. அம்மாவையும் ஜீனத்தையும் இங்கே அழைத்துக்கொள்ள ஏற்பாடு செய்துவிட்டேன். இதற்கு நீ பதில் போட வேண்டாம்.

நான் மறுத்திருந்தால் நீ உண்மையைச் சொல்லியிருப்பாய் என்று எழுதியிருக்கிறாய். நீ சொல்லியிருக்க மாட்டாய், நல்லுசாமி. நான் மறுத்து, அதன் பிறகும் நீ வாயைத் திறக்காமல் நிற்பதை நான் பார்க்க வேண்டி வந்திருக்கும். அதற்குப் பயந்துதான் எழுதிக் கொடுத்தேன்.

நசுருதீன்