என் பாதிக்கு அண்ணன் போட்ட விலை

ஜூன் 8, 1998. திங்கள்

காலை ஏழுக்கே வெயில் சுள்ளென்று. பிளஸ் டூவுக்கு வணிகவியல் எடுத்தேன், எழுபத்திரண்டு பிள்ளைகள், மூன்று ஃபேன். ஒன்று ஓடாது.

சாயங்காலம் ஜெபராஜ் அண்ணன் வந்தார். செல்லூர் பட்டறை, தறிச் சாமான் செய்கிறது. அப்பா போன பிறகு அவருக்குப் பாதி, எனக்குப் பாதி. என் பாதியை அவரே வாங்கிக்கொள்கிறாராம். நல்லதாகப் போயிற்று. வாடகை வீட்டு ஓனர் காலி பண்ணச் சொல்லி மூன்று மாதம். பரவையில் பார்த்து வைத்த வீடு ஏழு லட்சம்.

அண்ணன் சொன்ன விலை ஐந்து லட்சம். போட்ட முதல், பட்டறையின் பெயர், மெஷின் எல்லாம் சேர்த்து. ஆடிட்டர் போட்டதாம்.

ஜூன் 9

கணக்கை வாங்கிப் பார்த்தேன். வருஷ லாபம் இரண்டு லட்சம், அதற்கு ஐந்து மடங்கு பட்டறையின் விலை, பத்து; அதில் பாதி எனக்கு.

லாபம் எப்படி இரண்டு? மூன்று அல்லவா. மீதி ஒரு லட்சம் 'முதலுக்கு வட்டி' என்று செலவில் கிடக்கிறது. யாருக்குக் கொடுத்த வட்டி? எனக்கும் அண்ணனுக்கும். நாங்கள் போட்ட முதலுக்கு நாங்களே எடுத்துக்கொண்டது. செலவு என்று எழுதினால் பட்டறை அதற்கு வரி கட்ட வேண்டாம். அவ்வளவுதான் விஷயம். கூட்டுப் பத்திரத்தில் அதைச் சேர்க்கச் சொன்னதே நான்தான். வரி ஆபீசுக்காக எழுதிய செலவை எனக்கே காட்டி இரண்டரை லட்சத்தை முழுங்கப் பார்க்கிறார். மூன்றுக்கு ஐந்து மடங்கு போட்டால் பதினைந்து, என் பாதி ஏழரை.

கியாஸ் பதிய வேண்டும். ரேஷன்.

ஜூன் 10

மதினி போன். "ஒரே வயித்துல பிறந்துட்டு இம்புட்டு கணக்குப் பாக்கலாமா?"

பார்த்தது நானா? போனை வைத்துவிட்டேன். இன்று வகுப்பில் காரணமில்லாமல் கத்தினேன். பாவம் பிள்ளைகள்.

ஜூன் 11. வியாழன்

அரை நாள் லீவு. சிம்மக்கல், ஆடிட்டர் ஆபீஸ். அண்ணன் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். நான் கூட்டிலிருந்து விலகும் பத்திரம், ஐந்து லட்சம் என்று டைப் அடித்துத் தயார். காப்பி வந்தது, தொடவில்லை.

"அண்ணே, உங்க விலை சரின்னே வச்சுக்கிருவோம். அதே அஞ்சுக்கு உங்க பாதிய நான் வாங்கிக்கிறேன்" என்றேன்.

சிரித்தார். பணத்துக்கு எங்கே போவாய் என்றார். பேங்க் லோன், நகை, பி.எஃப். என்றேன். சிரிப்பு நின்றது.

"என் பங்கு அஞ்சுக்கெல்லாம் வராது பாப்பா. வருசா வருசம் எடுக்கிற வட்டி இருக்குல்ல, அதையும் சேத்துல்ல பாக்கணும்."

ஆடிட்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தன் பங்குக்கு வட்டியையும் சேர்க்கச் சொன்ன கையோடு, என் பங்கை ஐந்துக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லிப் பேனாவை என் பக்கம் தள்ளுகிறார் அண்ணன். ஏழரை என்று திருத்தி அடித்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.