மாவு டப்பாவுக்குள் அடித்த போன்

பரீட்சைக்காரம்மா,

"போயிட்டு வரேன்"னு கதவுகிட்ட நின்னு ரெண்டு தடவை சொன்னேன். நீ தலையைத் தூக்கலை. அதான் இந்தச் சீட்டு.

சாப்பாடு அடுப்பு மேல மூடியிருக்கு. சூடு பண்ணும்போது பக்கத்துலயே நில்லு. இப்ப இருக்கிற மும்முரத்துல வீடே எரிஞ்சாலும் உனக்குத் தெரியாது. பதினோரு மணிக்குக் குழாய் ரிப்பேர்காரர் வருவார். சாவி கீழ்வீட்டு அக்காகிட்ட இருக்கு, அவங்களே திறந்து விடுவாங்க. நீ எழுந்திருக்காதே.

நேத்து நான் பேசினது தப்புதான். "பத்து நிமிஷம் ஒரு இடத்துல உட்கார மாட்டே, ரெண்டு தடவை கோட்டை விட்டாச்சு, இந்தத் தடவை மட்டும் கிரேன் ஓட்டுற லைசென்ஸ் வந்துடுமா?"ன்னு உன் தங்கச்சி முன்னாடி கேட்டிருக்கக் கூடாது. நீ நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு, போனை மாவு டப்பாவுக்குள்ள வச்சு, மேஜையில ஒரே ஒரு புத்தகத்தை மட்டும் விட்டு வச்சப்ப நான் சிரிச்சேன். இன்னைக்குக் காலையில ஆறு மணியிலருந்து ஒன்பது வரைக்கும் நீ அசையலை. நான் வச்ச டீ ஆடை கட்டிப் போச்சு. பார்த்துக்கிட்டே நின்னேன். எனக்கே நெஞ்சு நிமிர்ந்துடுச்சு. பட்டறையில ஒருத்தர் விடாம சொல்லப் போறேன். என் போனும் இன்னைக்கு ஸ்பேனர் பெட்டிக்குள்ளதான்.

உன் வீட்டுக்காரன்

பி.கு: உன் போன்ல நாலு மிஸ்டு கால் இருக்கும், பதறாதே. உன்னைச் சோதிக்கணும்னு ஹால்ல இருந்து நான்தான் அடிச்சேன். நாலு தடவையும் நீ திரும்பலை. அஞ்சாவது தடவை அடிக்க எனக்குத்தான் மனசு வரலை.