தோளில் கிளம்பிய முத்து

மண்டபம் முகாம்
9-2-1948

ராமலெட்சுமிக்கு,

தவசி எழுதிக்கொண்டது. மகள் பூமயிலுக்கு என் முத்தம். கொழும்புக்குப் போகிறவர்களை இங்கே நிறுத்தி, நோய் இல்லை என்று தெரிந்த பிறகுதான் கப்பலுக்கு அனுப்புகிறார்கள். எனக்குக் காய்ச்சல். தோளில் முத்துப்போல் கிளம்பியிருக்கிறது.

அம்மை குத்த வந்தவரிடம் காட்டாமல் பிள்ளையை வைக்கோல் படப்புக்குள் ஒளித்தாயே, அந்த ஆத்திரம் இன்னும் தணியவில்லை. காய்ச்சல் விட்டதும் கப்பல் ஏறிவிடுவேன். உனக்கும் நிம்மதிதானே?

தவசி

திருப்புல்லாணி
13-2-1948

அன்பு மச்சானுக்கு,

உங்கள் கடுதாசியைப் படித்ததும் வாசலில் வேப்பிலை செருகிவிட்டேன். ஆத்தா உங்கள் மேல் இறங்கியிருக்கும்போது வீட்டில் தாளிக்கலாமா? மீன்காரி வாசலோடு திரும்புகிறாள். தலையில் எண்ணெயும் வைக்கவில்லை.

"அவன் அங்கன கிடக்கான், நீ இங்கன வேப்பிலையைக் கட்டி என்னடி செய்யப்போற?" என்று உங்கள் தாயார் கேட்டார்கள். "எனக்குத் தெரிஞ்சதைச் செய்யுறேன் அத்தை" என்றேன். அப்புறம் அவர்களும் ஆத்தாவுக்கு மாவிளக்குப் போடப் பச்சரிசி ஊறவைத்தார்கள்.

அம்மை குத்துகிறவர் மறுபடியும் வந்தார். உங்களுக்கே வந்துவிட்டதே என்ற பயத்தில் நானே பிள்ளையின் கையை நீட்டினேன். ஆத்தா பொறுத்துக்கொள்ளட்டும்.

எனக்கும் உங்கள் மேல் கோபம் நிறைய இருக்கிறது. குணமானதும் தருகிறேன். முத்தைச் சொறியாதீர்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் கப்பல் ஏறாதீர்கள். நீங்கள் போனால் எனக்கு நிம்மதி என்று யார் சொன்னது?

ராமலெட்சுமி

மண்டபம் முகாம்
17-2-1948

என் ராமலெட்சுமிக்கு,

உன் கடுதாசியைப் படித்துச் சிரித்தேன். பிறகு கொட்டகைக்குப் பின்னால் போய் அழுதேன்.

எனக்கு அம்மை இல்லை. வந்த அன்றே இங்கே அம்மை குத்தினார்கள். அந்த இடம்தான் கொப்பளித்துக் காய்ச்சல் கண்டது. நீ கொஞ்சம் பதறட்டும் என்றுதான் அதை எழுதாமல் விட்டேன். வீட்டையே விரதத்தில் உட்கார வைப்பாய் என்று கண்டேனா?

பூமயிலுக்கும் குத்திய இடம் இப்படித்தான் கொப்பளிக்கும், உடம்பு சுடும். பயப்படாதே. குத்தியது பிடித்துக்கொண்டது என்று இங்குள்ள டாக்டர் சொல்கிறார். இனி அவளுக்கு அம்மை வராது என்று நினைத்தாலே எனக்குத் தூக்கம் நன்றாக வருகிறது.

காய்ச்சல் விட்டுப் பொருக்கும் கட்டிவிட்டது. இன்று காலை கப்பலுக்குப் பெயர் வாசித்தார்கள். "ஏலே தவசி, உன்னையத்தான் கூப்பிடுறாக" என்று பக்கத்திலிருந்த இருளாண்டி உலுக்கினான். நான் எழுந்திருக்கவில்லை.

நாளை ரயிலில் வருகிறேன். இந்தக் கடுதாசிக்கு முன்பே வந்து நின்றாலும் நிற்பேன். வாசலில் வைத்து ஏசாதே. உள்ளே கூப்பிட்டு ஏசு.

தவசி