நீ எழுதிய என் சுயமதிப்பீடு

அடி வாயாடி,

இன்று மாணவிகளின் சுயமதிப்பீட்டுக் கட்டுரைகளைத் திருத்தினேன். எல்லாரும் நிறைய மாறிவிட்டார்களாம். நான் நம்பவில்லை.

நமக்கும் கல்லூரியில் அதே கட்டுரை கொடுத்தார்கள். விடுதி அறையில், காயப்போட்ட ஈரத்துணிகளுக்குக் கீழே, "உன்னப் பத்தி உனக்கென்னடி தெரியும்? குடு இங்க!" என்று பேனாவைப் பிடுங்கி எனக்காக நீயே எழுதினாய்: 'நான் முசுடு இல்லை. யாராவது முதலில் பேசட்டும் என்று காத்திருப்பவள்.'

"உன்னை நல்லா புரிஞ்சு வச்சிருக்கியேம்மா!" என்று பேராசிரியை என்னைப் பாராட்டினார். பின்பெஞ்சில் நீ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாய். அந்த இருமல் இன்னும் காதில் இருக்கிறது.

நம் சண்டையைக் கிளற வேண்டாம். அதன் பிறகும் நான் காத்துக்கொண்டுதான் இருந்தேன்.

இந்த முறை நானே முதலில் பேசுகிறேன். மாறிவிட்டேனா என்று நீதான் சொல்ல வேண்டும்.

உன்,
முசுடு